பந்தும் மண்ணும் – 11: டாக்டர் பவ்ரியின் ஒரே ஒரு கவுண்டி ஆட்டம்

1895 மே மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் ரஞ்சித்சிங்ஜி முதன்முதலாக சசெக்ஸ் கவுண்டிக்கு இறங்கினார். எம்.சி.சி.க்கு எதிரான அந்த ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 77, இரண்டாவதில் 150. சென்ற அத்தியாயத்தை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். அதே ஆண்டு இன்னோர் இந்தியரும் கவுண்டி கிரிக்கெட் ஆடினார். அவர் ஆடியது மிடில்செக்ஸ் அணிக்கு. ஆடியது ஒரே ஒரு ஆட்டம். மெஹல்லாஷா எதுல்ஜி பவ்ரி என்பது அவர் பெயர். பம்பாய்ப் பார்சி, மருத்துவர், வேகப்பந்து வீச்சாளர்.

ரஞ்சியைப் பற்றி எழுத நூலகம் நூலகமாகப் புத்தகங்கள் உண்டு. பவ்ரிக்கு மிடில்செக்ஸ் பட்டியலில் ஒரு வரி: பெயர், ஆண்டு, ஆட்டம் ஒன்று. அந்த வரியை மட்டும் படிப்பவர், யாரோ ஒரு மாணவர் ஆள் குறைந்த நாளில் போய் நின்றுவிட்டு வந்தார் என்று நினைப்பார். இந்திய கிரிக்கெட்டின் முதல் பெரிய பந்துவீச்சாளர் அந்த ஒற்றை வரிக்குள் இருக்கிறார் என்பது தெரியாமலே பக்கத்தைப் புரட்டிவிடுவார். அதனால்தான் இந்த வாரம் முழுவதையும் அவருக்கே கொடுக்கிறேன்.

முதலில் அந்தக் காலத்துக் கவுண்டி அணிகள் எப்படி ஓடின என்று பார்த்துவிடுவோம். 1895 இங்கிலாந்து கிரிக்கெட்டுக்குப் பெரிய ஆண்டு. அதுவரை 9 அணிகளோடு நடந்த கவுண்டி சாம்பியன்ஷிப்பில் டெர்பிஷயர், எஸ்ஸெக்ஸ், ஹாம்ப்ஷயர், லெஸ்டர்ஷயர், வார்விக்ஷயர் ஆகிய ஐந்தும் சேர்ந்து எண்ணிக்கை 14 ஆனது. நாற்பத்தாறு வயது டபிள்யூ.ஜி. கிரேஸ் மே மாதத்துக்குள் ஆயிரம் ஓட்டங்கள் எடுத்து, தன் நூறாவது சதத்தையும் அடித்தார். ஜூலையில் டான்டன் மைதானத்தில் லங்காஷயரின் ஆர்ச்சி மக்லாரன் சோமர்செட்டுக்கு எதிராக 424 ஓட்டங்கள் குவித்தார்.

இப்படிப்பட்ட கவுண்டி அணிக்குள் இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள். சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறை வீரர்கள் ஒரு வகை. பெரும்பாலும் பந்து வீசியே களைத்துப்போகிறவர்கள் இவர்கள்தான். இன்னொரு வகை, பணம் வாங்காமல் ஆடும் கனவான்கள்: வழக்கறிஞர், பள்ளி ஆசிரியர், பட்டாள அதிகாரி, பாதிரியார், மருத்துவர். இவர்களுக்கு விடுப்பு கிடைத்தால் ஆட்டம், கிடைக்காவிட்டால் இல்லை. ஆகஸ்டில் பள்ளி விடுமுறை விட்டதும் ஆசிரியர்கள் அணிக்குள் வருவார்கள், செப்டம்பரில் மறைந்துவிடுவார்கள். ஓர் ஆட்டம், இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத் தொழிலைப் பார்க்கப் போனவர்கள் எல்லாக் கவுண்டியின் பட்டியலிலும் ஏராளம். மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்டிருந்த பவ்ரியின் பெயரும் இந்த இரண்டாவது வகையில்தான் வருகிறது.

ஆனால் மற்றவர்களுக்கு அந்த ஓர் ஆட்டம்தான் வாழ்நாளின் உச்சம். பவ்ரிக்கு அப்படியல்ல. அவர் அந்த மைதானத்துக்குள் நுழைந்தபோது, இங்கிலாந்து வீரர்களை வீழ்த்திய பந்துவீச்சாளராகவே நுழைந்தார்.

1866 அக்டோபர் 10 அன்று குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர் அவர். பார்சிகளின் குருமார் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்த ஊர் அது. அவர் பிறப்பதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே, 1848-ல், பம்பாய்ப் பார்சி இளைஞர்கள் ஓரியன்டல் கிரிக்கெட் கிளப் என்ற ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். இந்தியர்கள் தமக்கென வைத்துக்கொண்ட முதல் கிரிக்கெட் கிளப் அதுதான். இரண்டே ஆண்டில் சொராஸ்ட்ரியன் கிளப் வந்தது. அதன்பின் தெருவுக்கொரு கிளப் என்றாகிவிட்டது. கப்பல், பருத்தி, வங்கி என்று வெள்ளையரோடு வணிகம் செய்த சமூகம் அது. கையில் பணம் இருந்தது, பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பியது, விளையாட்டையும் எடுத்துக்கொண்டது.

ஆனால் ஆடுவதற்கு இடம்? இதுதான் அந்தக் கதையின் கசப்பான பகுதி. பம்பாய் மைதானத்தின் ஒரு பகுதியை ஐரோப்பியரின் பம்பாய் ஜிம்கானா வேலி போட்டு எடுத்துக்கொண்டது. உள்ளே நல்ல புல்தரை. இந்தியருக்கு உறுப்பினராக அனுமதி கிடையாது. வெளியே மிச்சமிருந்த பொது வெளியில்தான் நூற்றுக்கணக்கான இந்தியச் சிறுவர்கள் ஆடினார்கள். அங்கேயும் ஜிம்கானா ஆட்கள் குதிரைகளைக் கொண்டுவந்து போலோ ஆடினார்கள். குளம்பு பட்ட தரையில் பந்து எப்படி எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1880களின் தொடக்கத்தில் ஷாப்பூர்ஜி சொராப்ஜி என்ற பார்சி கிரிக்கெட் ஆர்வலர் இதை எதிர்த்து அரசுக்கு மனு மேல் மனு எழுதினார். பார்சிகள் மட்டுமின்றி இந்துக்களும் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். காங்கிரஸ் என்ற அமைப்பே பிறக்காத காலம் அது. ஒரு விளையாட்டுத் திடலுக்காக இந்தியர்கள் ஒன்றுசேர்ந்து ஆட்சியாளரிடம் நியாயம் கேட்டார்கள். முதலில் கிடைத்த தீர்ப்பு பிறகு மாற்றப்பட்டது. போலோ திரும்பி வந்தது. கடைசியில் 1880களின் பிற்பகுதியில், ஆளுநர் ரே பிரபுவின் காலத்தில், கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில் பார்சி ஜிம்கானாவுக்கு ஓர் இடம் கிடைத்தது.

பவ்ரி வளர்ந்தது இந்தச் சண்டையின் நடுவில். குண்டும் குழியுமான தரையில் பந்து வீசிக் கற்றவர்கள் வேகத்தையும் நேர்க்கோட்டையும்தான் நம்ப வேண்டியிருந்தது.

1886-ல் பார்சிகள் சொந்தச் செலவில் இங்கிலாந்துக்குப் பயணம் போனார்கள். பயிற்சி கொடுக்க சர்ரே கவுண்டியின் ராபர்ட் ஹெண்டர்சனைப் பம்பாய்க்கே வரவழைத்திருந்தார்கள். தலைவர் டி.எச். பட்டேல். ஆடிய 28 ஆட்டங்களில் 19 தோல்வி, 8 சமன், ஒரே ஒரு வெற்றி. வேறு யாராக இருந்தாலும் இதோடு விட்டிருப்பார்கள். பார்சிகள் இரண்டே ஆண்டில் மறுபடியும் போனார்கள். 1888-ல் பெஸ்தோன்ஜி காங்காவின் தலைமையில் போன அந்த இரண்டாவது அணியில் 21 வயது பவ்ரி இருந்தார். இந்தமுறை 31 ஆட்டங்கள்: 8 வெற்றி, 11 தோல்வி, 12 சமன். பவ்ரி எடுத்த விக்கெட்டுகள் 170.

எதிரில் ஆடியவை பெரும்பாலும் கவுண்டி அணிகள் அல்ல. ஊர்க் கிளப்புகளும் கனவான்களின் அணிகளும்தான். அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ஆனாலும் பழக்கமில்லாத குளிரில், ஈரத் தரையில், ஒரு கோடைக்குள் 170 விக்கெட்! பார்சிகளின் டபிள்யூ.ஜி. கிரேஸ் என்று பவ்ரியை அழைத்தார்கள். மட்டையையும் ஓங்கி வீசுவார் என்பதால் அந்தப் பெயர் பொருந்தியது.

அந்தப் பெயருக்கு அவர் முழுத் தகுதி பெற்ற நாள் 1890 ஜனவரி 31.

ஜார்ஜ் வெர்னன் என்ற மிடில்செக்ஸ் ஆட்டக்காரர் 1889-90 குளிர்காலத்தில் ஓர் அணியைத் திரட்டிக்கொண்டு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார். இங்கிலாந்திலிருந்து இந்தப் பக்கம் வந்த முதல் கிரிக்கெட் பயண அணி அதுதான். யார்க்ஷயரின் ஹாக் பிரபுவும் அதில் இருந்தார். ஊர் ஊராகப் போனார்கள். பெரும்பாலும் இங்கே வேலை பார்த்த வெள்ளையரோடு ஆடினார்கள். அதுவரை தோல்வி என்பதே இல்லை. இந்தியர்களோடு மோதிய ஆட்டம் பம்பாயில், ஜனவரி 30, 31 தேதிகளில், பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் நடந்தது. பார்சிகள் உறுப்பினராக முடியாத அதே ஜிம்கானாவில்.

அன்று பம்பாயே அங்கே திரண்டது என்று சொல்லலாம். பார்சிகள் மட்டுமல்ல, இந்துக்கள், முஸ்லிம்கள், கடைகளை அடைத்துவிட்டு வந்தவர்கள், பார்சிப் பெண்கள். இரண்டாவது இன்னிங்ஸில் பவ்ரி 34 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் எடுத்தார். வெர்னன் அணி 61 ஓட்டங்களில் சுருண்டது. பார்சிகள் 4 விக்கெட் வித்தியாசத்தில் வென்றார்கள். அந்த நீண்ட பயணத்தில் ஆங்கிலேயர் தோற்ற ஒரே ஆட்டம் இதுதான். ஆள்பவரை அவருடைய விளையாட்டிலேயே, அவருடைய வேலிக்குள்ளேயே தோற்கடிக்க முடியும் என்பதை ஒரு நகரம் கண்ணால் கண்டது. அந்த நாள் இந்திய விளையாட்டு வரலாற்றில் எந்த உலகக் கோப்பை நாளுக்கும் குறைந்ததல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

1892 டிசம்பரில் ஹாக் பிரபு தாமே தலைவராக இன்னோர் அணியோடு வந்தார். முதல் ஆட்டத்தில் பார்சிகள் 109 ஓட்ட வித்தியாசத்தில் வென்றார்கள். மறு ஆட்டத்தில் வெறும் 7 ஓட்டங்களில் தோற்றார்கள். வெர்னன் அணியை வென்றது ஏதோ அதிர்ஷ்டம் என்று பேசியவர்களின் வாய் அத்தோடு அடைத்தது.

இந்த இடத்தில் நம் ஊரான புதுச்சேரிக்கு வருகிறேன். ஹாக் அணி பம்பாயில் தோற்ற சில வாரங்களில், 1893 பிப்ரவரி தொடக்கத்தில், அதே நகரத்தின் அப்பல்லோ பந்தரில் கப்பலிலிருந்து ஓர் இருபது வயது இளைஞர் இறங்கினார். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டுப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு தாய்நாடு திரும்புகிறார். பின்னாளில், 1910 ஏப்ரல் 4 அன்று, புதுச்சேரித் துறைமுகத்தில் வந்து இறங்கி இந்த ஊரின் முகத்தையே மாற்றிய ஸ்ரீ அரவிந்தர்தான் அவர். ரஞ்சியும் அரவிந்தரும் பிறந்தது ஒரே ஆண்டு, 1872. இருவரும் ஒரே காலத்தில் கேம்பிரிட்ஜில் இருந்தவர்கள். ஒருவர் டிரினிட்டி, மற்றவர் கிங்ஸ் கல்லூரி. அரவிந்தர் கிரிக்கெட் பக்கம் போகவில்லை. சிறுவனாக மான்செஸ்டரில் டிரூவெட் பாதிரியார் வீட்டுத் தோட்டத்தில் ஆடியதோடு சரி, அதுவும் நன்றாக ஆடவில்லை என்று பிற்காலத்தில் அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார்.

புதுச்சேரிக்குக் கிரிக்கெட் வராமல் போனதற்குக் காரணம் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போரிட்ட காலங்களில் இந்த ஊர் பலமுறை ஆங்கிலேயர் கைக்குப் போயிருக்கிறது. கடைசியாக 1793 முதல் 1816 வரை. ஆனால் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் தொடங்கியதே 1846-ல். மதராஸில் கிரிக்கெட் வேரூன்றும் முன்பே ஆங்கிலேயர் இங்கிருந்து போய்விட்டார்கள். பக்கத்தில் கடலூர் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது, நடுவில் எல்லை. கவர்னர் மாளிகையில் பிரெஞ்சுக் கொடி பறந்த 1954 வரை, ஆட்சியாளரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள இங்கே ஒரு கிரிக்கெட் அணியே இல்லை. அதற்குப் பதில் கால்பந்து வேரூன்றியது. இரும்புக் குண்டு வீசும் பெத்தாங்க் ஆட்டத்தை இன்றும் நம் ஊர்ப் பெரியவர்கள் அக்கறையாக ஆடுகிறார்கள்.

மதராஸில் இதே காலத்தில் நடந்தது பம்பாய்க் கதையின் தம்பி. சேப்பாக்கத்தில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்புக்குள் இந்தியருக்கு இடமில்லை. 1888-ல், பவ்ரி இங்கிலாந்தில் விக்கெட்டுகளைக் குவித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில், புச்சி பாபு நாயுடு எஸ்பிளனேட் பகுதியில் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். அவரைப் பற்றித் தனி அத்தியாயமே எழுத வேண்டும்.

பவ்ரியிடம் திரும்புவோம். 1895-ல் அவர் மிடில்செக்ஸுக்கு அந்த ஓர் ஆட்டம் ஆடினார். ஐந்து ஆண்டுகள் முன்பு பம்பாயில் பவ்ரியிடம் தோற்ற அணியைத் திரட்டி வந்த வெர்னனின் கவுண்டி அது என்பதைக் கவனியுங்கள். ரஞ்சி ஓர் இளவரசர் என்று இங்கிலாந்து கொண்டாடியது. கையில் நேரம் இருந்தது. கேம்பிரிட்ஜ் நண்பர்கள் இருந்தார்கள். முழுக் கோடையும் ஆடினார். அடுத்த ஆண்டே இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆடி ஓல்டு டிராஃபோர்டில் 62-ம், ஆட்டமிழக்காமல் 154-ம் எடுத்தார். பவ்ரிக்குத் தொழில் இருந்தது. காத்திருக்கும் நகரம் இருந்தது. அவர் பம்பாய்க்குத் திரும்பினார்.

இதைத் தோல்வியாகச் சிலர் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. ரஞ்சி தன் ஆட்டம் முழுவதையும் இங்கிலாந்துக்குக் கொடுத்தார். இந்தியாவில் கிரிக்கெட் வளர அவர் செய்தது மிகக் குறைவு. பவ்ரி இங்கே இருந்து ஆடினார். ஆண்டுதோறும் ஐரோப்பியருக்கும் பார்சிகளுக்கும் நடந்த பிரசிடென்சி ஆட்டங்களில் பந்து வீசினார். 1901-ல் பார்சி கிரிக்கெட்டைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1907-ல் இந்துக்கள் சேர்ந்து அந்தப் போட்டி மும்முனை ஆனது. 1912-ல் முஸ்லிம்கள் சேர்ந்து நான்முனை ஆனது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியும் பவ்ரி களத்தில் இருந்தார். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்து, 1911-ல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்த பல்வங்கர் பாலு எழுந்து வந்த மேடை இந்தப் போட்டிகள்தான். அந்த மேடையைப் போட்டவர்களில் முன்வரிசைக்காரர் பவ்ரி. 1946 ஏப்ரல் 19 அன்று அவர் காலமானார். அடுத்த ஆண்டு ஆகஸ்டைப் பார்க்க அவர் இல்லை.

இப்போது புள்ளிவிவரப் புத்தகங்களின் அநியாயத்தைப் பாருங்கள். கிரிக்கெட்டில் முதல்தர ஆட்டம் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தத் தகுதி பெற்ற ஆட்டங்களில் எடுத்த ஓட்டமும் விக்கெட்டும்தான் ஒருவரின் அதிகாரபூர்வச் சாதனை. 1888-ல் இங்கிலாந்தில் பெரும்பாலும் கிளப் அணிகளுக்கு எதிராக எடுத்த 170 விக்கெட்டும் அதில் சேராது. இந்தியாவில் அந்தக் கணக்கு 1892-ல்தான் தொடங்குவதால் 1890 ஜனவரியின் 34-க்கு 7-ம் சேராது. மிடில்செக்ஸுக்கு ஆடிய அந்த ஒரே ஆட்டம் சேரும். ஒரு மனிதர் தன் இருபத்தொரு வயதிலும் இருபத்து மூன்று வயதிலும் செய்த மிகப் பெரிய காரியங்கள் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. கணக்கு எழுதியவர்கள் தீய எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும். ஆனால் கோடு போடும் உரிமை யாரிடம் இருந்ததோ, அவர்கள் ஊர் ஆட்டங்கள் உள்ளே வந்தன. நம் ஊர் ஆட்டங்கள் வெளியே நின்றன.

புதுச்சேரிக்கு இது தொலைதூரக் கதையல்ல. 1934-ல் தொடங்கிய தேசியப் போட்டிக்கு ரஞ்சியின் பெயரை வைத்தார்கள். அதில் சொந்தப் பெயரில் ஆட நம் ஊருக்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பீகார், உத்தரகண்ட், வடகிழக்கு மாநிலங்கள் சிலவற்றோடு புதுச்சேரியும் சேர்த்து ஒன்பது புதிய அணிகள் உள்ளே வந்தன. வெளி மாநிலங்களின் மூத்த வீரர்களும் நம் அணியில் வந்து ஆடினார்கள். துத்திப்பட்டு மைதானத்தில் இன்று தேசிய ஆட்டங்கள் நடக்கின்றன. அங்கே நம் பையன்கள் சிலர் ஓர் ஆட்டமோ இரண்டோ ஆடிவிட்டு அணியிலிருந்து விலகிப்போவார்கள். அவர்கள் பெயராவது ஏட்டில் இருக்கும். 2018-க்கு முன்னால் லாஸ்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் உப்பளத்திலும் நாற்பது ஆண்டுகள் மட்டையும் பந்துமாக அலைந்தவர்களுக்கு எந்தக் கணக்கிலும் ஒரு வரிகூட இல்லை. அவர்கள் ஆடியது கிரிக்கெட் இல்லையா?

பவ்ரியைப் பற்றி இன்று இவ்வளவாவது எழுத முடிவதற்குக் காரணம், பார்சிகள் எழுதி வைத்தார்கள் என்பதுதான். ஷாப்பூர்ஜி சொராப்ஜி 1897-ல் ஒரு புத்தகம் போட்டார். நான்கே ஆண்டில் பவ்ரி தாமும் ஒன்று எழுதினார். தம் ஆட்டத்தைத் தாமே பதிவு செய்யாவிட்டால் வேறு யாரும் செய்ய மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் பழைய கிளப் ஆட்டங்களின் ஸ்கோர் நோட்டுகள், அணிப் படங்கள், பரிசுச் சான்றிதழ்கள் உங்கள் வீட்டுப் பரணிலோ தாத்தாவின் பெட்டியிலோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆண்டையும் இடத்தையும், படத்தில் உள்ளவர்களின் பெயர்களையும் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். ஆடியவர்கள் உயிரோடு இருந்தால் இந்த வாரமே போய்ப் பேசிக் குறித்துக்கொள்ளுங்கள். நகலை நம் ஆசிரியர் குழுவுக்கு அனுப்பினால், இந்தத் தொடரிலேயே ஊரோடும் பெயரோடும் வெளியிடுவோம்.

அடுத்த வாரம்: 1900 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்சும் பிரிட்டனும் ஆடிய கிரிக்கெட் ஆட்டம். அதில் பிரிட்டன் பக்கம் ஆடிய மொன்டாகு டோலர் சோமர்செட் கவுண்டிக்கு ஆறே ஆட்டம் ஆடியவர். ஆல்ஃபிரட் பவர்மன் இரண்டே ஆட்டம்.

(தொடரும்)